ஏரி கோடி போன காலை

கார்வேட்டிநகரம் மலையடியில் இருக்கிறது எங்கள் ஏரி. வரைபடத்தில் ஆரணியாறு மலைமேல் தொடங்குகிறது. எங்கள் ஊரில் கேட்டால், ஏரி நிறைந்து வழியும் கல்வரிசையான கோடியில்தான் அது பிறக்கிறது என்பார்கள். அந்தத் தண்ணீர் பிச்சாட்டூரைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குள் புகுந்து, பழவேற்காட்டருகே கடலைச் சேர்கிறது. கரையைக் கட்டியது யார் என்று சொல்லக் கல்வெட்டு இல்லை. ஜமீன் காலத்தில் உயர்த்தினார்கள் என்று கேள்வி. அடிக்கற்கள் அதைவிடப் பழையவை.

சில வருஷங்களாக ஏரி நிறையவில்லை. ஏரிக்குள்ளே தண்ணீர் நிற்காத உள்வாய் நிலத்தில் பயிர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காள் கணவர் அந்த வருஷம் தன் வேர்க்கடலை முழுவதையும் அங்கேதான் போட்டிருந்தார். காய் முற்றும் நேரத்தில் புயல் மழை பிடித்தது. திருப்பதியில் பத்திரிகை நிருபராக இருக்கும் நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவும் மாமாவும் முட்டியளவுத் தண்ணீரில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன்.

"ஏரிக்குள்ள பூந்து பயிர் வெச்சா, ஏரி உன்னக் கேட்டுக்கினா நெறையும்?" என்றாள் அக்கா.

"இனிமே நெறையாதுன்னு நீதானே மே சொன்ன," என்றார் மாமா.

"நான் சொன்னதுல இத்த மட்டும் கேட்டுக்கின."

கரை சேர்த்தது கொஞ்சம். அதிலும் பாதி பிஞ்சு. விடிந்தபோது செடிகளின் நுனிகூடத் தெரியவில்லை.

ஏரி வழிந்து கோடி போகிற நாளில், உள்வாயில் பயிரை இழந்தவர்தான் முதல் தேங்காய் உடைக்க வேண்டும். அதற்குமுன் வேறு யாரும் கும்பிடுவதில்லை. மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். மாமா வருவாரா என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

சேறு காயாத வேட்டியோடு வந்தார். ஏரிக்குக் கீழே நெல் நட்டிருந்த, மைத்துனர் முறையான ஒருவர், "ஏம் பாவா, கோவமா?" என்றார்.

"கடலதான் போச்சு. உன் நெல்லையாவது துன்னலாம் இல்ல? தேங்காயக் குடு."

உடைத்தார். தண்ணீர் கல்லின் விளிம்புவரை வந்து, சத்தமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கல்லைக் கண்ணாடிபோல மூடியது. அடுத்த கல்லையும் மூடியது. கீழே கால்வாயின் காய்ந்த மணல் முதலில் வந்ததைக் குடித்துவிட்டது. பின்னால் வந்தது நின்று, கூடி, நுரையும் சருகும் எறும்புமாக நகர்ந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். ஆறு தொடங்கும் இடம் என்று எத்தனையோ முறை செய்தியில் எழுதியிருக்கிறேன். தொடங்குவதைப் பார்த்ததில்லை.

மாமா கால்வாய் ஓரமாக அதனோடு நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போற? பிஞ்சுக் கடலய யாரு ஆயறது?" என்றாள் அக்கா.

"இத்தப் பாத்துட்டு வரேன் மே," என்றார், திரும்பாமல்.