திரைக்குள் இருந்து சொன்ன இலக்கம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு என் கணவர் மௌத்தானார். அவரை அடக்கிய நாளோடு என் மருந்தும் வழி தவறிப் போயிற்று.

அதற்கு இரண்டு வருடம் முன்னே கொழும்பில் என் இதயத்துக்கு இரும்பு வால்வு போட்டிருந்தார்கள். அதில் இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் குளிசை விழுங்க வேண்டும். குளிசை கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் வால்வு அடைபடும். அதனால் மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போய் இரத்தம் சோதித்து, அளவை மாற்றிக்கொண்டு வருவோம். என்னைக் கூட்டிப் போவதும் குளிசையை என் உள்ளங்கையில் வைப்பதும் அவர்தான்.

பிறகு நான் இத்தா இருந்தேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற கடமை அது. பள்ளிவாசல் லெப்பை வந்து, வைத்தியத்துக்குப் போவதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை. புருஷனின் கப்று மண்ணில் ஈரம் காயுமுன் பஸ் ஏறினாள் என்று ஊர் கதைக்கக் கூடாது என்று நினைத்தேன். என்னைத் தடுத்தது மார்க்கம் இல்லை, என் வீம்பு.

சோறு இறங்கவில்லை. அரைக் கோப்பைக் கஞ்சிதான். குளிசையை மட்டும் முந்திய அளவிலேயே விழுங்கினேன். சாப்பாடு குறைந்தால் அதே குளிசை அளவுக்கு மேல் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தைந்தாம் நாளளவில் பல்லைச் சுற்றி முரசுச் சதையில் இரத்தம் கசிந்தது. சொன்னால் பிடித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மறைப்பதற்கு வெற்றிலை போட்டேன்.

என் கணவரின் அக்கா, என் மதினி, அப்போது எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இத்தாவில இரிக்கிற பொம்புள வெத்திலயப் போட்டு வாயச் சிவப்பாக்கலாமா? ஆருக்குக் காட்டப் போறா?"

"வாய் கசக்கு மதினி."

"கசந்தா கொத்தமல்லித் தண்ணி குடி. என்ட தம்பி மௌத்தாகி இன்னும் நாப்பது கழியல்ல."

அந்தச் சொல்லையும் விழுங்கினேன். வெற்றிலைப் பெட்டியை மதினி எடுத்துக்கொண்டு போய்விட்டா.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகையில் நெற்றியை வைத்துச் சுஜூதில் இருந்தபோது வாயிலிருந்து பாயில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு விழுந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் மதினி என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினா.

"திரும்பவும் வெத்திலையா?"

"பெட்டி ஒங்கக்கிட்டதானே மதினி இரிக்கி."

அவ தன் முந்தானையால் என் வாயைத் துடைத்துப் பார்த்தா; இரத்தம்.

இப்போது கொழும்புக்குப் போகிறேன் என்றேன். ஆனால் அந்த வாரம் நாட்டில் நடந்த சண்டையினால் பாதை மூடிக் கிடந்தது. பஸ் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி டொக்டரைக் கூட்டி வந்தார்கள். பக்கத்து ஊர்க் காரைதீவுப் பொடியன், நல்ல தமிழ்ப் பிள்ளை. இத்தாவில் அந்நிய ஆண் பார்க்காமல் கட்டியிருந்த திரைக்கு வெளியே நின்றார்.

"உம்மா, நான் உங்கட மகன்ட வயசு. திரையைக் கொஞ்சம் விலக்கினா என்ன?"

"திரை கிடக்கட்டும் தம்பி. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

சிரித்தார். எல்லாம் விசாரித்த பிறகு அந்தச் சிரிப்பு இல்லை. "அந்தச் சோதனை இங்க இல்ல உம்மா. ரத்தம் எவ்வளவு மெலிஞ்சிருக்கெண்டு தெரியாது. இண்டைக்குக் குளிசையை விடுங்க. ஆனா விட்டுக்கொண்டே போனா வால்வ் அடைக்கும்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு வந்து பாக்கிறன் உம்மா" என்றுவிட்டுப் படியிறங்கினார். படித்த பிள்ளைக்கே தெரியாதென்றால் நான் எங்கே போவது? விழுங்கினாலும் மௌத்து, விட்டாலும் மௌத்து என்று தோன்றியது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். யா அல்லாஹ், பாதை திறந்திருந்தபோது நான் பெருமையில் இருந்தேன். இப்போது பாதையும் இல்லை, என் உடம்பில் பலமும் இல்லை. நான் போக முடியாத இடத்தை நீ என்னிடம் அனுப்பு. இவ்வளவுதான் கேட்டேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

மறுநாள் காலையில் வாசலில் லொறி நின்றது. என் மகன் சவூதியில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறான். அவனோடு வேலை செய்கிறவர் லீவில் வந்து, நான்கு நாள் கொழும்பில் முடங்கி, இறக்காமம் பக்கத்துச் சுற்றுவழியால் ஒரு நெல் லொறியில் தொற்றி வந்திருந்தார். கையில் சின்ன ஐஸ் பெட்டி. உள்ளே, குளிரில் வைக்க வேண்டிய சோதனைத் தாள்களோடு, விரலில் குத்தி இரத்தத்தின் உறைவைப் பார்க்கிற ஒரு மெஷின். அங்கே நோயாளிகள் தாங்களே பார்ப்பதை மகன் கண்டிருக்கிறான். "இத்தாவில் நீங்கள் வெளியே போக மாட்டீர்கள் உம்மா, எனக்கு உங்களைத் தெரியும்" என்று எழுதியிருந்தான். நான் கையேந்தித் துஆக் கேட்குமுன்னே அது விமானம் ஏறிவிட்டது.

டொக்டர் திரைக்கு வெளியே நின்று அதன் புத்தகத்தை வாசித்துச் சொல்ல, உள்ளே நான் செய்தேன். முதலாவது சொட்டு வழிந்து வீணாயிற்று. மதினி என் கையைப் பிடிக்க, இரண்டாவது விரலில் குத்தினேன்.

"என்ன காட்டுது உம்மா?"

"ஏழு. ஒரு குத்துப் புள்ளி. எட்டு."

"சரியாப் பாத்தீங்களா?"

"எழுத்து வாசிக்கத்தான் தம்பி மட்டு. இலக்கம் தெரியும்."

மூன்றளவில் இருக்க வேண்டியதாம். இரண்டு நாள் குளிசை வேண்டாம், சோறு சாப்பிட வேண்டும், மூன்றாம் நாள் திரும்பக் குத்த வேண்டும் என்றார். மதினி பக்கத்தில் இருந்து ஊட்டினா. மூன்றாம் நாள் நாலரை. இரத்தம் நின்றது. ஐந்தாம் நாள் மூன்று. குறைந்த அளவில் திரும்பத் தொடங்கச் சொன்னார். எந்த இலக்கத்துக்கு எத்தனை நீலக் குளிசை, எத்தனை மண்ணிறக் குளிசை என்று நிறப் பென்சிலால் வட்டம் போட்டுத் தந்தார். தாளில் இல்லாத இலக்கம் வந்தால் நானாக முடிவு செய்யாமல் அவரைக் கூப்பிட வேண்டும்.

இன்றும் திங்கட்கிழமை விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு நானே குத்திப் பார்த்து, நானே அளவை எடுக்கிறேன். இப்போது உடம்பில் ஒன்று என்றால் முதலில் வாய் திறந்து சொல்கிறேன். அன்புச் சகோதரிகளே, நோய் வருத்தத்தை மறைப்பதைப் பொறுமை என்று நினைக்காதீர்கள். றப்பான அல்லாஹ்விடமும் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

சொட்டு விட்டபின் இலக்கம் தெரிய ஒரு நிமிடம் செல்லும். அந்த ஒரு நிமிடம் என் கையில் ஒன்றும் இல்லை. பிஸ்மி சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.