பதினேழு டிகிரி

அன்செல்ம் த்ருஷோ முப்பத்தெட்டு வருஷம் பிரான்ஸின் வைன் நாடான பர்கண்டியில் தபால்காரராக இருந்தவர். ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போனதில்லை. அந்தக் கறார்த்தனத்தை வைனிலும் காட்டினார்.

சிவப்பு வைனை அறைச்சூட்டில் பரிமாற வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. காலையிலேயே நிலவறையிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து சாப்பாட்டு அறையில் வைத்துவிடுவார்கள். அதைச் சொன்ன பாட்டன் காலத்தில் அறை என்றால் பதினேழு டிகிரி. இப்போது வீட்டுக்கு வீடு சூடேற்றி, இருபத்திரண்டுக்குக் குறைவதில்லை. ஊரே பழக்கத்தை விடாமல் வெதுவெதுப்பான வைனைக் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டியது. அன்செல்ம் மட்டும் யோசித்தார். வாக்கில் தப்பில்லை, அறையில்தான் தப்பு. சாப்பாட்டு அறையின் சூடேற்றியைக் கழற்றிக் கொட்டகையில் போட்டார். அது நடந்து பதினொரு குளிர்காலம் ஆகிறது.

"விருந்தாளிக்குக் கோட்டு மாட்டிவிட்டுச் சாப்பாடு போடுற ஒரே வீடு நம்ம வீடுதான்யா" என்பாள் மனைவி ஓடில். "சூப்பு வாய்க்கு வர்றதுக்குள்ள ஆறிப்போகுது."

"சூப்புக்கு யாரும் டிகிரி சொல்லலையே."

டிசம்பரில் மகள் சொலீன் லியோனிலிருந்து கூப்பிட்டாள். நாலு மாதப் பேரனை அன்செல்ம் படத்தில்தான் பார்த்திருந்தார். அவன் வரும் நாளில் திறப்பதற்கென்று, சொலீன் பிறந்த வருஷத்து வைன் பாட்டில் ஒன்று நிலவறையில் படுத்திருந்தது.

"அப்பா, புள்ளையத் தூக்கிட்டு அந்த ஐஸ் பெட்டியில உட்கார மாட்டேன். சூடு பண்ணு. இல்லேன்னா மாமியார் வீட்டுக்குப் போயிடறோம்."

"அவங்க வைனை அடுப்பு மேடையில வைக்கறவங்கம்மா!"

"வைக்கட்டும். அங்க புள்ளைக்கு மூக்கு ஒழுகாது."

மூன்று நாள் அன்செல்ம் கொட்டகை வரை போய்த் திரும்பினார். நாலாம் நாள் சூடேற்றியின் ஒட்டடையைத் துடைத்து, குழாய்க்காரரைக் கூப்பிட்டார்.

புதுத் திட்டம் போட்டார். பாட்டில் பன்னிரண்டு டிகிரி நிலவறையிலேயே இருக்கட்டும். வெந்த கறியைத் துண்டு போட்டுப் பரிமாறும் நேரத்தில் மேலே வந்தால் போதும். சூடான அறையில், கண்ணாடிக் கோப்பையில், பதினேழை அதுவே எட்டிவிடும்.

ஞாயிறன்று சொலீன் பிள்ளையோடு வந்தாள். எல்லாம் கணக்காக நடந்தது. பாட்டில் மேலே வந்தது. திறந்தார். வெப்பமானியை உள்ளே விடப் போனார். பேரன் வீறிட்டான். "பால் சூடு சரியா பாரு அப்பா" என்று பிள்ளையை ஒரு கையிலும் புட்டியை மறு கையிலும் திணித்தாள் சொலீன். வெப்பமானி பாலுக்குள் போனது.

"முப்பத்தேழு" என்று அறிவித்தார். "பிரமாதம்."

பிள்ளை குடித்துவிட்டு அவர் தோளிலேயே தூங்கிப்போனது. அன்செல்ம் அசையவில்லை. வைன் சூடேற்றியின் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றது.

ஓடில்தான் ஊற்றி, கோப்பையை அவர் வாயருகே பிடித்தாள். முப்பத்தொரு வருஷம் காத்த வைன் கஷாயமாக இறங்கியது. மேஜையைச் சுற்றியிருந்த எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"எப்படியிருக்குய்யா?"

"சரியான அறைச்சூடு" என்றார், பிள்ளை எழுந்துவிடாதபடி மெதுவாக.