பொய்க்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

நோர்வேயில், புருசெத் போகும் ரயிலில் என் பக்கத்தில் இருந்த மாணவி, ஆவி படிந்த யன்னலில் விரலால் ஒரு வம்சமரம் வரைந்துகொண்டிருந்தாள். மேலே ஒரு சொல், அதற்கு முன்னால் குட்டி நட்சத்திரம். எழுதும்போதெல்லாம் நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வாள்.

"என்ன பிள்ளை இது?"

"'லெவுகனன்', அன்ரி. பொய் சொல்லுறதுக்கு ஆதி ஜேர்மானியர் வைச்சிருந்த சொல். நோர்வேஜிய 'லீவ', ஜேர்மன் 'லூகன்', இங்கிலிஷ் 'லை' எல்லாம் இதின்ரை பிள்ளையள்."

"நட்சத்திரம் ஏன்?"

"இதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. பிள்ளையளைப் பாத்துத்தான் தாய் இப்பிடி இருந்திருப்பா எண்டு சொல்லுறம்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் பல் வைத்தியம் படிக்கிறன் எண்டுதான் அம்மா நினைச்சுக்கொண்டிருக்கிறா."

புருசெத் வந்ததும் மரத்தைக் கையுறையால் அழித்தாள். இருவரும் இறங்கினோம். ரயில் மேடையில் அவள் தாய் காத்து நின்றார். என்னைத் தமிழ் ஆளென்று கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மகள் பல் டொக்டருக்குப் படிக்கிறா. பாவம், ஓய்வே இல்லை."

மகள் நிலத்தைப் பார்த்தாள்.

"பாவம்தான் அக்கா, ரயிலிலையும் படிச்சுக்கொண்டுதான் வந்தவ," என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் அந்தத் தாயைக் கடையில் காணும்போதெல்லாம், எடுத்த சாமானை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.