வெட்டுப்படாத படி

இரண்டு வருடத்துக்கு முன், ஆயுத பூஜைக்கு முதல் நாள் சேலையூரில் நடந்தது இது.

வீடுகளுக்கு பிளான் வரைவது என் வேலை. ஆசைக்குக் கையாலேயே புத்தகம் செய்வேன். அந்த முறை புத்தகத்தையே படிக்கட்டாகக் கட்டியிருந்தேன். முதல் பக்கம் குட்டை. அடுத்தடுத்த பக்கமெல்லாம் முந்தையதைவிட அரை அரை இஞ்ச் கூடுதல் நீளம். அடுக்கி வைத்தால் பன்னிரண்டு விளிம்புகள் படியாக இறங்கும், விளிம்புக்கு ஒரு சொல். முதல் பக்கத்தில் 'படி' என்று மட்டும். ஏறுகிற படியும் அதுதான், வாசி என்பதும் அதுதான். ஆறு மாத உழைப்பு, ஒரே ஒரு பிரதி. அன்று சாயங்காலம் கைவினைப் புத்தகக் கண்காட்சியில் கொடுத்தாக வேண்டும்.

பைண்டிங் கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "நாளைக்கு பூஜை, அக்கா, மெஷினைத் தொட மாட்டோம். இன்னிக்கே முடிச்சிடறேன்" என்றார். 'தைத்து அட்டை போடுங்க' என்றதோடு கிளம்பிவிட்டேன். இவருக்கு விளக்கினால் எங்கே புரியப்போகிறது என்ற அலட்சியம்.

பெருங்களத்தூருக்கு முன்னால், லீவுக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தில், வீட்டுக்கு நான் ஏறிய பஸ் நின்றுவிட்டது. அப்போதுதான் சுரீர் என்றது. தைத்து முடித்ததும் மெஷினில் வைத்து ஓரம் வெட்டி நேராக்குவார்களே! யாரும் சொல்ல வேண்டாம், அது வழக்கம். ஒரு வெட்டு விழுந்தால் படியும் போச்சு, சொல்லும் போச்சு.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. நான்கு முறை. இறங்கி, ரோட்டைக் கடந்து, ஆட்டோ பிடித்தேன். தாம்பரத்தில் பூசணிக்காயும் வாழைக்கன்றுமாக ரோட்டை அடைத்திருந்தார்கள். படிக்காத ஆளிடம் போய்க் கொடுத்தேனே என்று வழியெல்லாம் அந்தப் பெண்ணைத்தான் திட்டினேன். கடைசித் தூரம் ஓட்டம்தான்.

உள்ளே நுழையும்போது மெஷின் கத்தி இறங்கிக்கொண்டிருந்தது. "வெட்டாதீங்க!" என்று கத்தியே விட்டேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கத்தியின் கீழே இருந்தது யாருடையதோ ஸ்கூல் ரெக்கார்டு நோட்டு. என் புத்தகம் மேலே அலமாரியில், தைத்து, அட்டை போட்டு, படி குலையாமல் இருந்தது.

"இன்னாக்கா, இப்டி மூச்சு வாங்குது? மெஷின் சத்தத்துல போன் கேக்கலை. உங்களுதையும் வெட்டத்தான் எடுத்தேன். மொத பக்கத்துல 'படி'ன்னு போட்டிருந்தீங்களே, சரின்னு படிச்சேன். ஒண்ணொண்ணா எறங்கிக்கினே வருது. இதை நேர் பண்ணா அப்புறம் படி எங்க கீது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கண்காட்சியில் பலர் அதைப் புரட்டினார்கள், பாராட்டினார்கள். ஆனால் நான் எழுதியிருந்த அந்த ஒற்றைச் சொல்லுக்கு முதலில் கீழ்ப்படிந்தவர் அவர்தான். இன்றும் யாரையாவது 'படிக்காதவர்' என்று சொல்ல வாயெடுத்தால், அந்த முதல் பக்கம் எனக்கே சொல்வதுபோல் முன்னால் வந்து நிற்கிறது: படி.