கிளவுடுக்குப் போகாத ஒரு பஸ் ஸ்டாப்

போன வெள்ளிக்கிழமை பென்னலூரிலிருந்து பிள்ளைப்பாக்கம் வரை சுற்றினேன். ஒரகடம் பக்கம் முந்தின நாளே முடிந்துவிட்டது. கோயில் குளம் பார்க்கப் போகவில்லை. தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்துகளை ஓட்டுகிற ஒரு நிறுவனத்துக்காக, ஊழியர்கள் எங்கெங்கே நின்று ஏறுகிறார்கள் என்று வரைபடத்தில் குறிக்கிற வேலை. அன்று மதியம் ஒரு மணிக்குள் கிளவுடில், அதாவது இணையத்திலுள்ள பொதுச் சேமிப்பில், சேருகிற நிறுத்தங்களில் மட்டும்தான் திங்கட்கிழமை முதல் வண்டி நிற்கும். இதே மாதிரி மேப்பிங் வேலைக்குத் தனியாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியாகத்தான் கிளம்புவீர்கள், இந்தத் தொழிலில் துணைக்கு ஆள் தரமாட்டார்கள்.

நான் குன்றத்தூரில் குடியிருக்கும் ஒண்டிக்கட்டை. கதவைப் பூட்டும்போது போய்ட்டு வரேன் என்று சொல்ல ஆளில்லாததால் காலை ஏழு மணி பேருந்தை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபத்து மூன்று ரூபாய். அங்கிருந்து பென்னலூருக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

பென்னலூரில் இறங்கி போனைத் திறந்தால் முதல் தலைவலி. வரைபடம் என்பது பல லேயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. சாலை ஒரு லேயர், நிறுத்தங்கள் ஒரு லேயர். என் போனில் சாலை லேயரைக் காணவில்லை. பிழைச் செய்தி மட்டும் சிவப்பில் மின்னியது. டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். சாலைக் கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடந்தது. வரைபடத் திட்டம் வேறு ஃபோல்டரில் இருந்தது. கிளவுடுக்குப் போவது திட்டத்தின் ஃபோல்டர் மட்டும்தான். கோப்பை அதற்குள் நகர்த்தி, லேயருக்குப் புதிய இடத்தைக் காட்டி, மறுபடி ஏற்றினேன். சரியாகிவிட்டது. சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லலாம் என்றால் டீக்கடைக்காரர் வடை திருப்புவதில் மும்முரமாக இருந்தார்.

பிள்ளைப்பாக்கத்துக்கு ஏற்றிப்போன ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், போனக் கைல புட்சிகினு ரோட்டையே அளந்துகினு வர்றீங்க? எடம் வாங்கப் போறீங்களா?"

"பஸ் நிக்கிற இடத்தைக் குறிக்கிறேங்க."

"அதுக்கு ஒரு ஆளா! இந்தப் பக்கம் போனோட எறங்குறவங்க எல்லாரும் பிளாட் பாக்கத்தான் வருவாங்க" என்று சிரித்தார். அன்று அதுவரை என்னிடம் யாராவது கேள்வி கேட்டார்கள் என்றால் அவர்தான். இறங்க மனமில்லாமல் இறங்கினேன்.

ஊருக்குள் கடைசி வளைவில், வேப்பமரத்தடியில் ஐடி கார்டு தொங்க ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் ஜெயந்தி, செகண்ட் ஷிஃப்ட். அந்த இடத்தில் ஏறுவது அவர் ஒருவர்தான். பழைய டிரைவர் ஊர்க்காரர் என்பதால் இத்தனை நாள் உள்ளே வந்து ஏற்றிப்போனாராம். 'காத்திருப்பவர்கள்: 1' என்று பதிந்து, கிளவுடுக்கு அனுப்ப சிங்க் கொடுத்தேன். காலையில் குறித்த அத்தனை நிறுத்தங்களும் போய்ச் சேர்ந்தன. இது மட்டும் திரும்பி வந்தது.

சிக்னல் என்று நினைத்து வெயிலில் நாலு அடி தள்ளி நின்றேன். போனை அணைத்துப் போட்டேன். புள்ளியை அழித்து மறுபடி வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னா சார் ஆச்சு?" என்றார் ஜெயந்தி.

"உங்க ஸ்டாப் ஏற மாட்டேங்குதும்மா."

அவர் முகம் வாடிவிட்டது. "இது இல்லன்னா மெயின் ரோடு வரிக்கும் நடக்கணும் சார். ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரில லாரிங்க நடுவுல நடந்து வரேன்னா வூட்ல வுட மாட்டாங்க. வேலைய வுட்டுட்டு வூட்டோட கெடக்க வேண்டியதுதான்."

ஒரு மணி ஆக இன்னும் பதினைந்து நிமிடம். கிளவுடின் இணையப் பக்கத்தை போனிலேயே திறந்து, மாற்றங்களின் வரிசையைப் பார்த்தேன். இந்தப் பதிவின் எதிரே 'நிராகரிப்பு, எண்ணிக்கை விதி' என்று இருந்தது. கோவையிலிருக்கும் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன். இரண்டு வருடமாகப் பேசுகிறோம், முகம் பார்த்ததில்லை.

"ரெண்டு பேருக்குக் கம்மியா இருந்தா அந்த லேயர் ஏத்துக்காதுங்க சார். மேல இருந்து அப்படி வெச்சுட்டாங்க."

"ஒருத்தருக்காக மாத்த முடியாதா?"

"என் கையில இல்லீங்களே." கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "இப்ப அங்க எத்தன பேருங்க நிக்கறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். வேப்பமரம், ஜெயந்தி, நான்.

"ரெண்டு பேர்."

"ஊழியரான்னு அதுல கேக்கறதில்லீங்க சார். எத்தன பேரு நிக்கறாங்கன்னுதானுங்க கேக்குது. நீங்க குறிப்புல உள்ளத எழுதிருங்க, திங்கக்கிழமைக்கு அப்புறம் கேட்டா நான் பேசிக்கறேன்."

இரண்டு என்று மாற்றினேன். குறிப்பில் 'ஒருவர் ஊழியர், ஒருவர் நான்' என்று எழுதி சிங்க் கொடுத்தேன். பச்சை டிக் விழுந்தது. ஜெயந்தி பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எல்லா லேயர் கோப்புகளையும் திட்டத்தின் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். தற்காலிக லேயர் கிளவுடுக்குப் போகாது, கோப்பாகச் சேமித்தால்தான் போகும். சிங்க் ஆகவில்லை என்ற எரிச்சலில் ஆப்பை மட்டும் நீக்கிவிடாதீர்கள், அன்றைய உழைப்பு முழுக்க அதோடு போய்விடும். ஒரே ஒரு பதிவு அடம்பிடித்தால் போனைத் திட்டாமல் மாற்றங்களின் வரிசையைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும். பிள்ளைப்பாக்கத்துக்குள் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியிருக்கும், கட்டிக்கொண்டு போங்கள்.

திங்கட்கிழமை எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போனேன், வண்டி நிற்கிறதா என்று பார்க்க. எதிர்ப்பக்கம் ஒரு கடை நிழலில் ஒதுங்கி நின்றேன். புது டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டே வளைவுக்குள் வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். ஜெயந்தி ஏறினார். வண்டி நகரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், மறுபடியும் அடித்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இந்த ஸ்டாப்புக்கு ரெண்டு பேர்னு போட்டுக்கீது. இன்னொருத்தர் எங்கம்மா? வரட்டும், வெய்ட் பண்றேன்."

ஜெயந்தி சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்காக யாராவது காத்திருந்து எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தபடி சாலையைக் கடந்தேன்.