திங்கட்கிழமைக்குள் ஓர் ஊர்

கிருபாவுக்கு வந்த மின்னஞ்சலில் இரண்டே ஊர்கள் இருந்தன. அயர்லாந்தில் முதியோர் இல்லங்கள் நடத்தும் ஒரு நிறுவனம் அவளை நர்ஸ் வேலைக்கு எடுத்திருந்தது. அதன் ஓர் இல்லம் பெரிய நகரத்தில், இன்னொன்று மேற்குக் கடற்கரையில் மூவாயிரம் பேர் வாழும் சிற்றூரில். கணவனையும் குழந்தையையும் கூட்டி வரலாம். எந்த ஊர் என்பதைத் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

கோவையில் ஒன்பது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். எந்த நோயாளியின் முன்னும் பதறாதவள் அந்த வாரம் ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டு முறை எண்ணினாள். அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கணவன் ரூபனும் வேலைக்குப் போனால்தான் வாடகை கட்ட முடியும். ஆறு வயது மகள் இனியாவைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார்கள்? காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

அயர்லாந்து நகரத்தில் உதவ ஓர் ஆள் கிடைத்தார். சிங்காநல்லூரில் ரூபன் வேலை செய்யும் லேத் பட்டறையின் முதலாளி எண் வாங்கிக் கொடுத்தார். சோமனூர்க்காரர், பெயர் லட்சுமணசாமி, அங்கே போய்ப் பதினோரு வருடம்.

"நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்க," என்று புதன்கிழமை வீடியோ அழைப்பில் கணவன் மனைவி இருவரையும் பார்த்துச் சிரித்தார். "எங்க ஊட்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஊடு காலியாகுதுங்க. பாப்பாவ எங்க ஊட்டம்மா பாத்துக்குவா. நம்மாளுக நாப்பது குடும்பம் இருக்கறமுங்க. பொங்கலன்னைக்கு வந்து பாருங்க, இது அயர்லாந்தா சோமனூரான்னு உங்களுக்கே சந்தேகம் வந்துரும்!"

கிருபாவுக்கு மூச்சு இலகுவானது. அப்போதுதான் அவர் ரூபனிடம் கேட்டார்.

"அப்பறமுங்க, நீங்க என்ன கூட்டம்?"

எந்த ஊர், எந்தக் கோயில், என்ன கூட்டம் என்று எங்கள் கோவைப் பக்கத்தில் மரியாதையாகத்தான் கேட்பார்கள். கூட்டம் என்பது நிலம் வைத்திருந்த சாதிக்குள் இருக்கும் குலப் பிரிவு. பதில் சொல்ல முடியாமல் நிற்பவன் யார் என்பது கேட்டவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். பாஸ்போர்ட்டில் சாதிக்குக் கட்டம் வைக்காமல் விட்டுவிட்டார்கள் அல்லவா, அந்தக் குறையை இந்தக் கேள்வி கடல் தாண்டியும் தீர்த்துவைக்கிறது.

ரூபனின் அப்பா மாசாணம் சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பண்ணையாளாக உழைத்துச் செத்தவர். ரூபனுக்குத் தெரிந்த ஒரே கூட்டப் பெயர் அந்தத் தோட்டத்துக்காரருடையது. எதிர்வீடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி, இரண்டும் கைநழுவிவிடுமோ என்ற பயம். அவன் வாய் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டது.

"அட, நம்ம கூட்டமேதானுங்களா! பங்காளியாச்சுங்களே நாம!" லட்சுமணசாமி எழுந்தே நின்றுவிட்டார். "எங்கப்பா ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வருவாருங்க. பருப்புப்பொடி டப்பா ரெண்டு குடுத்துவுடுவாரு, கொண்டாந்துருங்க. சோமனூர்ப் பக்கத்துல அவருக்குத் தெரியாத ஊடே கெடையாது."

அழைப்பு முடிந்தது.

"ஏனுங்க, என்ன சொல்லிப்போட்டீங்க?" என்றாள் கிருபா.

"தெரீல. வாயில வந்துருச்சு. ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் சமாளிச்சாப் போதும்."

"ஒரு மணி நேரமா? அங்க போயி எத்தன வருசத்துக்குச் சமாளிப்பீங்க?"

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்று பயந்தவள், இப்போது பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்குப் பயந்தாள். என்றாவது ஒருநாள் உண்மை தெரியும். அன்று இனியா எதிர்வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். தட்டைப் பிடுங்க மாட்டார்கள், படித்தவர்கள். மறுநாள் அந்தக் கதவு திறக்காது, அவ்வளவுதான். ஷிப்டில் நிற்கிற தாய்க்கு அந்தச் செய்தி வர எத்தனை மணி நேரம் ஆகும்?

சனிக்கிழமை ரூபன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான்.

"கண்ணு, நாளைக்கு ஒரு தாத்தா வருவாரு. உன்ற தாத்தா பேரக் கேட்டா என்ன சொல்லுவ?"

"மாசாணம்."

"அதச் சொல்லாத சாமி."

"ஏன்? தாத்தா எதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாரா?"

ரூபன் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தான்.

ஞாயிறு காலை கிருபா அதைத் துடைத்து மறுபடி மாட்டினாள். 

"மாட்டாத கிருபா. எல்லாம் போயிரும்."

"போறது இங்கயே போகட்டுமுங்க. புள்ள அவங்க ஊட்டுக்குள்ள இருக்கறப்பப் போனா நான் என்ன பண்ணுவேன்?"

லட்சுமணசாமியின் அப்பா அரங்கசாமி பத்து மணிக்குத் துணிப்பையோடு வந்தார். கலகலப்பான மனிதர்.

"என்ற பையன் அந்தக் குளுருலயும் பருப்புப்பொடி இல்லாமச் சோறு எறங்காதுங்கறானுங்க. பதினோரு வருசமா ஏரோப்ளேன் ஏறுற ஆளா ஊர் ஊராத் தேடீட்டு இருக்கறேன்!"

கிருபா தண்ணீர் கொடுத்தாள். டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவர் சுவரைப் பார்த்தார்.

"இது யாருங்க?"

ரூபன் கிருபாவைப் பார்த்தான்.

"என்ற மாமனாருங்க. மாசாணம்," என்றாள் கிருபா.

"பெரிய தோட்டத்துல ஏர் ஓட்டுன மாசாணமா?" அவர் ரூபன் பக்கம் திரும்பினார். "அவன் மகனா நீ? பையங்கிட்ட எங்க கூட்டம்னு சொன்னியாமே?"

"பயத்துல சொல்லிப்போட்டாருங்க. பொய் சொன்னது தப்புத்தான்," என்றாள் கிருபா.

பொய் சொன்னவன் தலைகுனிந்து நின்றான். அந்தப் பொய்யைச் சொல்லவைத்த கேள்விக்குத் தலைகுனிய அந்த வீட்டில் யாருமில்லை. அரங்கசாமி குடிக்காத டம்ளரைத் தரையில் வைத்தார். பையைத் தூக்கிக்கொண்டார்.

"உங்களுக்கு லக்கேஜு அதிகமாயிரும். நான் கூரியர்ல போட்டுக்கறேன்."

கடுமையாக ஒரு சொல் இல்லை. மாலையில் லட்சுமணசாமியிடமிருந்து ஒரு வரி வந்தது: எதிர்வீட்டை வேறு ஒருவருக்குப் பேசிவிட்டார்களாம்.

"நகரம் பெருசுதானே," என்றான் ரூபன். "அந்த நாப்பது குடும்பம் இல்லாத தெருவாப் பாத்துப் போலாமே?"

போகலாம். ஆனால் ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு பள்ளி வாசலிலும், தமிழ் கேட்டதும் தான் வாயை மூடிக்கொள்வாள் என்று கிருபாவுக்குத் தெரிந்தது. தாய்மொழிக்குப் பயந்து நடக்கிற தெரு எத்தனை பெரிதாக இருந்தால் என்ன?

திங்கட்கிழமை அவள் பதில் மின்னஞ்சலில் சிற்றூரின் பெயரைத் தட்டினாள். கீழே ஒரு கேள்வியும் சேர்த்தாள்: என் மகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார்கள்? சில மணி நேரத்தில் பதில் வந்தது. பள்ளியிலேயே ஆறு மணி வரை பார்த்துக்கொள்வார்கள். அவளுடைய ஷிப்ட் முடிவதோ எட்டுக்கு.

இனியா தோளில் வந்து சாய்ந்தாள்.

"அம்மா, அங்க தாத்தா பேரச் சொல்லலாமா?"

"சொல்லலாம் சாமி. யாரு கேட்டாலும் சொல்லு."

"ஆறு மணிக்கு மேல என்னைய யாரு பாத்துக்குவாங்க?"

"தெரீல கண்ணு," என்றாள் கிருபா. குழந்தையை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, அதே கேள்வியை அடுத்த மின்னஞ்சலில் தட்டத் தொடங்கினாள்.