கைதட்டலில் நின்றுபோன ஒட்டகப் பாட்டு

1994 ஆகஸ்ட், இரண்டாம் ஞாயிறு, காலை ஆறேகால். எதிர்வீட்டுத் தொலைபேசியில் செய்தி வந்தது: ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். மாரடைப்பு. மங்கோலிய நாட்டுப்பாடல்களில் அவர் பியானோவுக்கு அமைத்தவை ஐந்து. நாம் முழுதாகக் கேட்டவை நான்கு. அந்த ஐந்தாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்றபடி அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கே தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் அவர் தரச்சோதனை, நான் எலக்ட்ரானிக்ஸ். ஞாயிறுதோறும் நம் சர்ச்சில் பியானோ வாசிப்பார். ஆவடியில் வேலை பார்த்த அவர் தம்பி சோவியத் நாட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது, அறையில் உடனிருந்த மங்கோலியர் பாடியதை கேசட்டில் பிடித்து வந்தார். அதில் ஒன்று, அந்த ஐந்தாவது, ஒட்டகத்துக்கான பாட்டு. ஈன்ற குட்டியைத் தாய் ஒதுக்கிவிட்டால், அது மனமிளகிப் பால் கொடுக்கும்வரை பக்கத்தில் நின்று பாடுவார்களாம்.

அந்தக் குரல் வழுக்கி இறங்கும். பியானோவிலோ கட்டைக்குக் கட்டை தாவத்தான் முடியும். "இதுக்கு பியானோ ஆகாதுக்கா. கீபோர்டுல சுரத்தை வளைச்சிரலாம்" என்று, அந்தக் குரலின் அலையை ஆசிலோஸ்கோப் கருவியில் பார்த்து எடுத்த அளவுகளை நீட்டினேன்.

"நீ மீட்டர் வெச்சுகினு அழுகையை அளந்துகினு இரு. நான் மாட்டைப் போய்க் கேக்குறேன்."

நிஜமாகவே போனார், என் ஸ்கூட்டரில். முத்தாபுதுப்பேட்டையில் பால்காரர் தனபாலின் எருமைக்குக் கன்று செத்திருந்தது. அதன் தோலில் வைக்கோல் அடைத்த பொம்மையைத் தனபால் எருமைக்கு முன்னால் நிறுத்தினார். எருமை கத்தியது, முகர்ந்தது, சட்டென்று அடங்கி நின்றது. பிறகுதான் பால் சுரந்தது.

"இன்னாக்கா, பால் வாங்க வந்தியா, பாட்டு வாங்க வந்தியா?" என்றார் தனபால்.

அக்கா சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் சொன்னார்: "கத்தும்போது இல்லடா துக்கம். கத்திட்டு, காது குடுத்துகினு நிக்குது பாரு, அங்க கீது."

ஐந்தாவது பாட்டின் நடுவே அதைத்தான் வைத்தார். பெடலை மிதித்தபடி கைகளைத் தூக்கிவிடுவார். ஒலி தானாகத் தேய்ந்து அடங்கும். அதற்குப் பிறகுதான் தாய் குட்டியைச் சேர்த்துக்கொள்ளும் இசை.

போன வருஷம் சர்ச் கிறிஸ்துமஸ் விழாவில் அவர் கைகளைத் தூக்கினார். பாட்டு முடிந்ததென்று நாம் கைதட்டிவிட்டோம். முன்வரிசை, பின்வரிசை, எல்லாரும். விசில்கூட வந்தது. மைக்கில் பிரியாணி தயார் என்று அறிவித்துவிட்டார்கள். அக்கா கட்டைகளை ஒருமுறை பார்த்தார், எழுந்து வணங்கினார். குட்டி அப்படியே நின்றுவிட்டது.

"ஏன்க்கா மிச்சத்தை வாசிக்கல?" என்று பந்தியில் கேட்டேன்.

"கைதட்டுனவங்களத் திட்டவா முடியும்? வர்ற கிறிஸ்துமஸுக்கு வாசிக்கிறேன். எருமைக்கு இருக்குற பொறுமை உங்களுக்கு வருதா பாப்போம்."

அந்தக் கிறிஸ்துமஸ் அவருக்கு இல்லை. அவர் சொன்னதில் எனக்கு மிஞ்சியது அந்தக் 'காது குடுத்துகினு'தான். எனவே, முப்பதாம் நாள் ஜெபத்துக்கு:

1. சர்ச் பியானோவின் பெடல் கிறீச்சிடுகிறது. சரிசெய்வேன். அந்த மௌனத்தில் வேறு சத்தம் கூடாது.
2. தனபாலை அழைத்து வருவேன்.
3. ஐந்தாவது பாட்டை முழுதாக வாசிக்கும்படி அக்கா மகள் டெய்சியைக் கேட்பேன்.
4. அவள் கைகளைத் தூக்கும்போது என் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வேன். நீங்களும்.